கம்பி வீலா, அலாயா? கிளாசிக் பைக்கின் சக்கரத்தை மாற்றும் முன்

பழைய பாணி பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் சக்கரத்தின் மேல் கண் போகும். குரோம் ரிம்மில், கம்பியைப் பிடித்து இறுக்கும் சிறு நட்டான நிப்பிளைச் சுற்றித் துரு எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். இல்லையென்றால், ஏதோ ஒரு மழை நாளில் பின் டயர் பஞ்சராகி, டியூப் மாற்ற ஆளில்லாத இடத்தில் வண்டியோடு நிற்க நேரும். அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். இருக்கிற வீலையே சரிசெய்து ஓட்டலாமா, அலுமினிய ரிம் போட்டுக் கட்டலாமா, அலாய் வீலுக்கே போய்விடலாமா, பழைய அலாய் செட் ஒன்றைத் தேடிப் பிடித்து மெருகேற்றலாமா?

என்னுடையது முன்னால் 19 இன்ச், பின்னால் 18 இன்ச் வீல் கொண்ட கிளாசிக் 350. இந்த வழிகளில் மூன்றை அதே வண்டியிலும் ஒன்றை நண்பரின் வண்டியிலும் செய்து பார்த்தாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியை, அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அலுமினிய ரிம்மும் ஸ்டெயின்லெஸ் ஸ்போக்கும் (கம்பியும்) கட்டுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ்தான் வேண்டும் என்றால், அதே மாடலுக்கென்று வண்டிக் கம்பெனியே தரும் அலாய் வீலை வாங்குங்கள். இவை இரண்டையும் விட்டு வேறு வழியில் போகிறவர்கள் போகலாம், ஆனால் அளவெடுக்கும் கருவியும் பொறுமையும் கையில் இருக்க வேண்டும்.

எல்லாம் ஹப்பில்தான்

வீல் மாற்றும்போது நாம் பார்ப்பது ரிம்மை. சிக்கல் வருவதோ நடுவில். ஆக்ஸிலின் தடிமன், பேரிங்கின் அளவு, இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் ஸ்பேசர் குழாயின் நீளம், டிஸ்க் போல்ட்டுகளின் வட்டம், டிஸ்க் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு நேர் நடுவில் ஓடுகிறதா என்பது, ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் பல் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி, பின் வீலில் செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் நேர்கோடு, அதற்குள் இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர்கள் என இத்தனையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். சொந்த ஹப்பை வைத்துக்கொண்டால் இதில் எதையும் நீங்கள் தொடுவதில்லை. வேறு வீல் வாங்கினால் எல்லாவற்றையும் தொடுகிறீர்கள்.

நான் முதலில் வாங்கியது ஒரு அலாய் செட். "இந்த வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். முன் வீலை மாட்டிக் கையால் சுற்றினேன், பட்டுப்போல ஓடியது. ஆக்ஸில் நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினால் இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பிடித்திருக்கும் என்று நினைத்து காலிப்பரைக் கழற்றினேன். அப்போதும் அதே கனம். நட்டைத் தளர்த்தினால் லேசாகிறது, இறுக்கினால் கனக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. பேரிங்குகள் உட்காரும் இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட, உள்ளே போட்டிருந்த ஸ்பேசர் குழாய் கிட்டத்தட்ட 1 மி.மீ. குட்டை. நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் குழாய் வழியாகப் போக வேண்டும். குழாய் குட்டையானதால் பேரிங்கின் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, நடுவே இருக்கும் குண்டுகள் பக்கவாட்டில் பிழியப்பட்டன. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் சூடேறிச் சீக்கிரமே போயிருக்கும். லேத்தில் புதுக் குழாய் கடைந்து போட்டதும் சரியானது.

அதனால், எந்த வெளி வீல் வாங்கினாலும் டயர் போடுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். வெறும் வீலை ஃபோர்க்கில் மாட்டி, நட்டை முழு அளவுக்கு இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். இறுக்கும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். டயர் ஏறிவிட்டால் அதன் எடையே வீலைச் சுற்ற வைத்துவிடும், கையில் கனம் தெரியாது.

பேரிங் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். ஹப்பைக் கொஞ்சம் சூடாக்கி, பேரிங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் அடிக்காமலே இறங்கும். வெளிவளையத்தில் மட்டும்தான் அழுத்த வேண்டும். ஒரு பக்கத்துப் பேரிங்கை அடிவரை உட்கார வைத்து, ஸ்பேசரைப் போட்டு, மறுபக்கத்துப் பேரிங்கை அது ஸ்பேசரைத் தொடும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தட்டினால் நீங்களே பேரிங்கை நெருக்கிவிடுவீர்கள்.

இருக்கிற குரோம் ரிம்மை மீட்பது

மனத்துக்கு நெருக்கமான வழி இதுதான். வண்டி பிறந்தபோது இருந்த தோற்றம் மாறாது, பொருத்துவதில் சந்தேகம் இருக்காது. ஆனால் வெளியே பார்த்து முடிவெடுக்காதீர்கள். டயரையும் டியூபையும் எடுத்துவிட்டு, ரிம்மின் உள்ளே ஓடும் ரப்பர் பட்டையை உரித்துப் பாருங்கள்.

என் பின் ரிம் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. நிப்பிள்களின் ஓரத்தில் மட்டும் காப்பிக் கறை போல ஒரு வளையம். பட்டையை உரித்ததும் செம்மண் தூளாகத் துரு கொட்டியது. நிப்பிளின் தலையைச் சுற்றி, திருப்புளி முனையால் சுரண்டினால் செதிலாகப் பெயர்ந்து வந்தது. வால்வு ஓட்டை வழியாகவும் ஸ்போக் ஓட்டைகள் வழியாகவும் இறங்கும் தண்ணீர் பட்டைக்கு அடியில் தங்கிவிடுகிறது. உள்பக்கத்து முலாம் வெளிப்பக்கம் போல் அழுத்தமாக இருப்பதில்லை. துரு உள்ளேயிருந்துதான் வெளியே வருகிறது, நமக்குத் தெரிவது அதன் கடைசிக் கட்டம்.

மறு குரோம் போடலாமா என்றால், இரும்பின் நிலையைப் பொறுத்தது. பளபளப்பைத் தருவது குரோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அலங்கார குரோம் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான் துருவைத் தடுக்கிறது, அதுதான் பளபளப்புக்கும் அடித்தளம். துருக்குழிகளை முலாம் மூடாது, அப்படியே காட்டிக்கொடுக்கும். குழி போக இரும்பைப் பஃபிங்கில் தேய்த்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் செம்பு அடுக்கைத் தடிமனாக ஏற்றித் தேய்க்க வேண்டும். நிப்பிள் உட்காரும் பள்ளங்களுக்குள் பஃபிங் சக்கரம் சரியாகப் போகாது. அதனால் மேலாகப் படிந்த துரு என்றால் மறு குரோம் போடலாம். நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்த ரிம்முக்குச் செலவு செய்யாதீர்கள். அதே அளவில் புது இரும்பு ரிம் வாங்கிக் கட்டுவது மேல்.

ஸ்போக்குகளை மட்டும் மறுமுலாமுக்கு அனுப்பவே வேண்டாம். முலாம் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் இழுவிசை தாங்கும் எஃகுக்குள் புகுந்து அதை உடையும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். அதற்கென்று சூடேற்றிப் பதப்படுத்தும் முறை உண்டு, ஆனால் அதை ஒழுங்காகச் செய்தார்களா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரிம்மைப் பிரித்துவிட்டால் கம்பி புதிதாகவே இருக்கட்டும்.

அலுமினிய ரிம், ஸ்டெயின்லெஸ் கம்பி

நான் கடைசியாக வந்து நின்றது இங்கேதான். ஜப்பானின் எக்ஸெல், இத்தாலியின் பொர்ரானி, ஸ்பெயினின் மொராட் போன்ற பெயர்களில் பல அகலங்களில் கிடைக்கிறது. உயர்ந்த தோள் வைத்த பழைய ரிம் வடிவங்களும் உண்டு, 1960-களின் பந்தய வண்டிகளின் சாயல் வேண்டுபவர்களுக்கு அது பிடிக்கும். இரும்பு ரிம்மைவிட எடை குறைவு. அதுவும் சக்கரத்தின் வெளி ஓரத்தில் குறைவதால், மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் வேகமாகத் தன்னிலைக்கு வருவதையும், திருப்பங்களில் வண்டி சட்டென்று சாய்வதையும் கையிலேயே உணரலாம். அலாய் வீல் என்றாலே எடை குறைவு என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, அது தவறு. வார்ப்பில் செய்த அலாய் வீல், அலுமினிய ரிம் கட்டிய ஸ்போக் வீலைவிடக் கனமாக இருப்பது சாதாரணம்.

ரிம் வாங்கும்போது விட்டம், அகலம், ஓட்டைகளின் எண்ணிக்கை மூன்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நான்காவதை மறந்துவிடுகிறார்கள். ஓட்டை எந்தக் கோணத்தில் குத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. டிரம் பிரேக் ஹப் பெரியது, அதிலிருந்து வரும் கம்பி குட்டையாகவும் சாய்வாகவும் வரும். டிஸ்க் பிரேக் ஹப் சிறியது, கம்பி நீளம், சாய்வு வேறு. இரண்டுக்கும் 36 ஓட்டைதான் என்று ஒன்றுக்கான ரிம்மை இன்னொன்றில் கட்டினால், நிப்பிளிலிருந்து வெளியே வரும் இடத்தில் கம்பி மடங்கி நிற்கும். முதலில் உடைவது அந்த இடம்தான். ரிம்மை ஆர்டர் செய்யும்போது ஹப்பின் மாடலையும் சொல்லி, அதற்குத் துளையிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அகலத்தில் ஒரு குழப்பம் உண்டு. பழைய குறியீட்டில் டபிள்யூ.எம்.2 என்றால் 1.85 இன்ச், டபிள்யூ.எம்.3 என்றால் 2.15 இன்ச், டபிள்யூ.எம்.4 என்றால் 2.50 இன்ச். பெரிய டயர் போட ஆசைப்பட்டு, ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினால், டயர் நடுவில் கிள்ளியதுபோல் கூம்பிக்கொள்ளும். சாயும்போது ரோட்டைப் பிடிக்கும் பரப்பு கூடாது, குறையும். டயர் கம்பெனிகள் ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலத்தை அட்டவணையாகவே வெளியிடுகின்றன. அதைப் பார்த்த பிறகு ரிம்மை வாங்குங்கள்.

நிப்பிள் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் நிப்பிள் வேண்டாம். ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசும்போது மரை பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க முடியும். நிக்கல் முலாம் போட்ட பித்தளை நிப்பிள் போதும். மரையிலும் நிப்பிள் உட்காரும் பள்ளத்திலும் ஆன்டி-சீஸ் பசை கொஞ்சம் தடவுங்கள். இறுக்குவது சீராக இருக்கும், அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் ஈரத்தில் சேர்ந்து அரிப்பதும் குறையும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. டிஸ்க் உட்காரும் முகத்தில் ஒரு நேர் பட்டையை வைத்து, அங்கிருந்து ரிம் ஓரத்துக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ரிம் பெரும்பாலும் ஹப்பின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். இதை எழுதிவைக்காமல் பிரித்தவர்கள், ஆட்டமே இல்லாத அழகான வீலைக் கட்டிவிட்டு, அது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு பக்கமாக ஓடுவதைப் பார்த்துத் திகைப்பார்கள். புது ரிம்மின் அகலம் வேறு என்றால், ஓரத்துக்கு ஓரம் ஒப்பிடாமல் நடுக்கோட்டைக் கணக்குப் போட்டு வையுங்கள்.

கட்டுவது கடினமா என்றால், பொறுமை இருந்தால் இல்லை. நான் முதல் வீலைக் கட்டியது ஒரு விடுமுறை நாளில், வண்டியின் ஃபோர்க்கிலேயே ஆக்ஸிலில் தொங்கவிட்டு. ஃபோர்க் காலில் ஒரு கம்பித் துண்டைக் கட்டி அதன் முனையை ரிம்மின் ஓரத்துக்கு ஒரு நூலிழை தள்ளி வைத்துக்கொண்டேன். வீலைச் சுற்றினால் முனை எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். முதலில் மேலும் கீழும் குதிப்பதை எடுக்க வேண்டும், அப்புறம்தான் இடமும் வலமும் ஆடுவதை. வரிசை மாறினால் முடிவே இருக்காது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். வலப்பக்கம் இழுக்கும் கம்பியை இறுக்கினால், எதிரே இடப்பக்கம் இழுப்பதை அதே அளவு தளர்த்துங்கள். பல மேனுவல்கள் 2 மி.மீ. ஆட்டம் வரை அனுமதிக்கின்றன. புது ரிம்மில் அரை மி.மீ.க்குள் கொண்டுவருவது முடியாத காரியம் அல்ல. கடைசியில் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் லேசாகத் தட்டிக் காதில் கேளுங்கள். கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலித்தால் இறுக்கம் சமம். மந்தமாக ஒலிக்கும் கம்பி சும்மா இருக்கிறது என்று அர்த்தம், அதன் வேலையைப் பக்கத்துக் கம்பிகள் சுமந்துகொண்டிருக்கும்.

முடித்ததும் ரிம்மின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியை அரத்தால் சமமாக்கிவிடுங்கள். விட்டால் அதுவே டியூபைக் குத்தும்.

அலுமினியத்துக்குப் பராமரிப்பு இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வெறுமனே மெருகேற்றிய ரிம் ஈரத்திலும் உப்பிலும் வெள்ளை பூக்கும். மின்வேதி முறையில் மேலே காப்பு அடுக்கு ஏற்றிய, அதாவது ஆனோடைஸ் செய்தது பூக்காது, ஆனால் கண்ணாடிப் பளபளப்பும் இராது. அமிலம் கலந்த வீல் கிளீனர் இரண்டுக்குமே எதிரி.

டியூப்லெஸ் ஆசை

ஆசையில் நியாயம் இருக்கிறது. டியூப் டயர் குத்துப்பட்டால் காற்று ஸ்போக் ஓட்டைகள் வழியாகவும் வால்வைச் சுற்றியும் சட்டென்று போய்விடும். டியூப்லெஸ் டயரில் ஆணி இருந்த இடத்திலேயே பெரும்பாலும் மெதுவாக இறங்கும், ரோட்டோரத்திலேயே பிளக் அடித்துப் போய்விடலாம்.

ஸ்போக்கும் வேண்டும், டியூபும் வேண்டாம் என்றால் நல்ல விடை குறுக்குக் கம்பி வீல். 1987-ல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்100ஜிஎஸ் வண்டியில் கம்பிகள் ரிம்மின் நடுவில் இறங்காமல் ஓரங்களில் போய் முடிந்தன. காற்று நிற்கும் இடத்தில் ஓட்டையே இல்லை. இன்று இத்தாலியின் ஆல்பினா, கினியோ போன்றவர்கள் டியூப்லெஸ் கம்பி வீல்களைச் செய்கிறார்கள். இந்த வகையில் உங்கள் மாடலுக்கென்று ஹப்போடு கிடைத்தால், செலவு ஒரு பொருட்டில்லை என்றால், வாங்குங்கள். அழகும் குறையாது, பயனும் உண்டு.

சாதாரண ஸ்போக் ரிம்மின் உள்ளே நிப்பிள்களை சீலன்டாலும் டேப்பாலும் மூடி டியூப்லெஸ் ஆக்குவது இன்னொரு வழி. நண்பரின் வண்டியில் இதைத்தான் செய்தோம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்று கசியாமல் இருப்பது பாதிக் கேள்விதான். காற்று இறங்கும்போது டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்துக்குள் விழாமல் தடுக்க, ரிம்மின் உள்ளே இரண்டு பக்கமும் ஒரு சிறு மேடு இருக்க வேண்டும். டியூப்புக்கென்று செய்த பல பழைய ரிம்களில் அது கிடையாது. டயரை எடுத்துவிட்டு விரலால் தடவினால் தெரிந்துவிடும். மேடு இருந்தால், ரிம்மைச் சுத்தமாக எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஒவ்வொரு நிப்பிளையும் தனித்தனியாக மூடி, சீலன்ட் காய முழு நேரம் கொடுத்துச் செய்யலாம். மேடு இல்லையென்றால் டியூபிலேயே இருங்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது, டயர் விளிம்பு வளைவில் கழன்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, சீல் செய்த வீலில் கம்பியை இறுக்கித் திருப்பினால் சீல் விட்டுப்போகலாம். அதனால் ஆட்டம் எடுக்கும் வேலை முழுக்க முடிந்த பிறகே சீல் செய்ய வேண்டும்.

அலாய் வீல்

அலாய் கிளாசிக் தோற்றத்தைக் கெடுக்கும் என்பதை நான் முழுக்க ஏற்பதில்லை. யமஹா ஆர்டி400 வார்ப்பு வீலோடு வந்தது 1976-ல். ஹோண்டாவின் காம்ஸ்டார் வீல் 1977-ல். எழுபதுகளின் கடைசி வருடங்களைப் பின்பற்றும் வண்டிக்கு அலாய் வீல் பொருத்தமான உடையே. ஐம்பதுகளின் சாயலில், பெரிய மட்கார்டும் துளி வடிவ டேங்கும் கொண்ட வண்டிக்குத்தான் அது ஒட்டாது.

ராயல் என்ஃபீல்டு 2021-ன் கிளாசிக் 350-ல் சில நிறங்களுக்கும், 2023-ல் இன்டர்செப்டர் 650-ன் சில நிறங்களுக்கும் அலாய் வீலைக் கம்பெனியிலிருந்தே தந்தது. உங்கள் வண்டிக்கு இப்படி ஒரு செட் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ஹப், டிஸ்க், ஏபிஎஸ் வளையம் என்று நான் மேலே பயமுறுத்திய எல்லாவற்றையும் அவர்களே பொருத்திச் சோதித்துவிட்டார்கள். ஆனால் ஸ்பேசர், ஆக்ஸில், ரப்பர்கள் எல்லாம் இரண்டு வீலுக்கும் ஒன்றா என்று உதிரிப்பாகப் பட்டியலில் எண் வாரியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு மாறியிருக்கலாம்.

பள்ளத்தில் இறங்கினால் ஸ்போக் வீல் கோணும், ஆட்டத்தை எடுத்துவிடலாம். வார்ப்பு வீல் ஓரளவு வரை தாங்கும், தாண்டினால் விரிசல் விடும். கரடுமுரடான வழியில் அதிகம் ஓட்டுபவர் இதை யோசிக்க வேண்டும். நெடுஞ்சாலைதான் வாழ்க்கை என்றால் அலாயின் பக்கம் சாயலாம், கம்பிகளைத் துடைக்கும் வேலையும் மிச்சம்.

பழைய அலாய் செட்டை வாங்கி மீட்பது

அளவு ஒத்துப்போகிற, எழுபது எண்பதுகளின் வீல் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை மெருகேற்றி மாட்டுவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் ஒரு விதி: புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீலை வாங்காதீர்கள். பெயின்ட் எதை மறைத்திருக்கிறது என்று தெரியாது. அழுக்கும் கீறலும் தெரியும் வீல் நல்லது, அதன் கதையை அதுவே சொல்லும். குச்சிகள் ஹப்போடு சேரும் இடம், ரிம்மோடு சேரும் இடம், வால்வு ஓட்டையின் ஓரம் ஆகிய மூன்றையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயின்டை எடுத்தபின், விரிசல் காட்டும் சிவப்புச் சாய ஸ்பிரே செட்டை ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள். மயிரிழை விரிசல்கூட வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்புக் கோடாக எழும்பும். விரிசல் தெரிந்தால் அந்த வீல் சுவரில் மாட்டத்தான். வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெல்டின் சூடு பக்கத்து உலோகத்தின் பதத்தையே மாற்றிவிடும்.

ஹோண்டா காம்ஸ்டார் போன்ற, துண்டுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த வீல் என்றால் பிரிக்கவே கூடாது. அதைச் சரிசெய்யும் முறை என்று ஒன்று இல்லை.

பழைய பெயின்டை எடுக்க ரசாயன ஸ்ட்ரிப்பர் மணல் வீச்சைவிட மென்மையானது. பழைய ஆனோடைசிங்கை காஸ்டிக் சோடா கரைக்கும். ஆனால் அது அலுமினியத்தையும் தின்னும், கண்ணையும் கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, நிமிடக் கணக்கில் பார்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் உப்புத்தாள் 320-ல் ஆரம்பித்து 600, 1000 என்று ஏறி, கடைசியில் பஃபிங் பசை. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கோடு போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

நிறம் வேண்டும் என்றால், நிறத் தூளைத் தூவி அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பவுடர் கோட்டிங் பெயின்டைவிட உறுதி, கல் தெறித்தாலும் எளிதில் பெயராது. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது சூடு. 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை அடுப்பில் வைப்பார்கள். ஒருமுறைக்குப் பெரும்பாலான வீல்கள் தாங்கும், ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சுட்டால் பதப்படுத்திய அலுமினியத்தின் வலு குறையும். பேரிங்கும் சீலும் முன்பே வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாவது தடிமன். பவுடர் 60 முதல் 100 மைக்ரான் வரை உட்காரும். டிஸ்க் உட்காரும் முகம், பேரிங் குழி, ஸ்பேசர் தொடும் இடம், ஸ்ப்ராக்கெட் முகம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும். டிஸ்க்குக்கு அடியில் பவுடர் மேடுபள்ளமாக இருந்தால் பிரேக் லீவர் விரலுக்கு அடியில் துடிக்கும். போல்ட்டுக்கு அடியில் இருந்தால் சூட்டில் பவுடர் அமுங்கி போல்ட் தளரும். ஸ்போக் வீலுக்கும் இதே காரணம்தான். நிப்பிள் உட்காரும் பள்ளத்தில் பவுடர் இருந்தால் அது நசுங்க நசுங்கக் கம்பிகள் தளர்ந்துகொண்டே போகும்.

அளவை மாற்றுவது

17 இன்ச்சுக்கு மாறினால் டயர் வகை நிறையக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஈடாக எதை இழக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100/90-19 டயரின் மொத்த விட்டம் 662.6 மி.மீ. 110/80-17 டயருக்கு 607.8 மி.மீ. அதாவது முன் ஆக்ஸில் 27 மி.மீ. இறங்குகிறது. 1390 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள வண்டியில் முன்பக்கம் மட்டும் அவ்வளவு இறங்கினால் ஃபோர்க்கின் சாய்வு ஒரு டிகிரிக்கு மேல் நிமிர்ந்துவிடும். சக்கரம் சிறிதானதாலும் சாய்வு நிமிர்ந்ததாலும் டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) இரண்டு வழியில் குறைகிறது. நகரத்தில் துறுதுறுவென்று இருக்கும், வேகத்தில் ஹேண்டில் அமைதியிழக்கும். தரையிடைவெளி, சைடு ஸ்டாண்டில் நிற்கும் சாய்வு எல்லாம் மாறும். முன் வீல் 9 சதவீதம் அதிகம் சுற்றுவதால், அதிலிருந்து வேகம் படிக்கும் மீட்டர் பொய் சொல்லும். முன் பின் வேகங்களை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ்ஸும் குழம்பலாம். கிளாசிக் வண்டியின் நிதானமான ஓட்டமே அந்தப் பெரிய முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அளவை மாற்றாமல் அகலத்தை மட்டும் ஒரு படி கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதை மாட்டினாலும் முதல் நாள் பின் வீலின் நேர்கோட்டைச் செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் நின்று செயின் முன் ஸ்ப்ராக்கெட் வரை வளையாமல் போகிறதா என்று பாருங்கள், இரண்டு டயரின் பக்கத்திலும் நீளமான நூலைப் பிடித்துச் சரிபாருங்கள். டயருக்கும் செயினுக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளியைப் பின்னால் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் உரசல் தெரியும். புதிதாகக் கட்டிய கம்பி வீல் என்றால் சில நூறு கிலோமீட்டரில் நிப்பிள்கள் தத்தம் பள்ளத்தில் இறங்கி உட்காரும், கம்பிகள் கொஞ்சம் தளரும். என் பின் வீலில் 300 கிலோமீட்டருக்குப் பிறகு தட்டிப் பார்த்தபோது, ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் ஐந்து கம்பிகள் மந்தமாக ஒலித்தன. கால் சுற்றுகூட வேண்டியிருக்கவில்லை. இறுக்கிவிட்டு மறுபடி 1000 கிலோமீட்டரில் பார்த்தேன், எல்லாம் ஒரே சுருதியில் இருந்தன.